வெசனத்துக்குப் பக்கத்தில் யார் பெயர்?

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் எருத்தேன்பதியிலிருந்து சிவகாமி அக்கா போன் செய்தார்.

"ஏனுங்க தம்பி, என்ற ஊட்டுக்காரரு சொன்னதுக்குப் பக்கத்துல ரங்கசாமின்னு போட்டிருக்குதுங்களே... யாருங்க அது?"

உடனே கம்ப்யூட்டரைத் திறந்தேன்.

விஷயம் இதுதான். எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்துப் பேச்சுத் தமிழைச் சேர்த்துவைக்க நண்பர்கள் நாலு பேர் ஒரு விக்கி — இணையத்தில் ஒரு சொல் அகராதி — நடத்துகிறோம். ஒரு சொல், அதன் பொருள், அதை வைத்து ஒருவர் பேசிய வாக்கியம். இடது ஓரத்தில் சின்ன எழுத்தில் பேசியவரின் பெயர். அக்காவின் கணவர் பழனிச்சாமி அண்ணன், பொள்ளாச்சி பஸ் ஓட்டியவர். 'வெசனம்' என்ற சொல்லுக்கு — கவலைக்கு எங்கள் ஊரில் அப்படித்தான் பெயர் — அவர் சொன்னதைப் போட்டிருந்தோம்:

"நானிருக்கறப்ப உனக்கென்ன வெசனம், சிவகாமி?"

அண்ணன் இறந்து ஐந்து மாதம் ஆகிறது.

இப்போது புரிகிறதா? அக்காவுக்கு ஆறுதல் சொல்வது யாரோ ஒரு ரங்கசாமி!

"மருமகதானுங்க போன்ல காட்டுச்சு. எல்லாருஞ் சிரிச்சுப்போட்டாங்க. நானுஞ் சிரிச்சேன். ஆனா... அவிய எம்பேரச் சொல்லி எழுத்துல இருக்கறது அது ஒண்ணுதானுங்க."

தப்பு என்னுடையது. பெயர் என்பது 'இன்லைன்' — வரியோடு வரியாக ஒட்டிக்கொள்ளும். விளக்கம் 'பிளாக்' — முழு அகலத்தையும் எடுத்துக்கொண்டு புது வரியில்தான் உட்காரும். இரண்டையும் அருகருகே வைக்க, எது எங்கே நிற்க வேண்டும் என்று பக்கத்துக்குச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸில் குறுக்கு வழி பிடித்தேன். ஒவ்வொரு பெயரையும் பக்கத்தின் உச்சியிலிருந்து இத்தனை தூரம் என்று அளந்து நிறுத்தினேன். என் கம்ப்யூட்டரில் அழகாகத்தான் இருந்தது. அக்காவின் போனிலோ திரை சின்னது, எழுத்து பெரிசு. விளக்கங்கள் நீண்டு கீழே இறங்கிவிட்டன... பெயர்கள் அளந்த இடத்திலேயே நின்றன.

திருத்தம்? இரண்டே வரி. ஒவ்வொரு சொல்லின் பெட்டிக்கும் 'பொசிஷன்: ரிலேட்டிவ்' என்று கொடுத்து, பெயரை அதனதன் பெட்டிக்குள்ளேயே மேல் ஓரத்தில் நிறுத்தினேன். இனி பெட்டி எங்கே நகர்ந்தாலும் பெயர் கூடவே போகும்.

போனில் சொன்னால் போதாது என்று தோன்றியது. பஸ் ஏறிப் போனேன்.

அக்கா எழுத்தை இன்னும் பெரிதாக்கினார். போனைப் படுக்கவைத்துப் பார்த்தார். பழனிச்சாமி என்ற பெயர் அந்த வாக்கியத்தை விட்டு நகரவில்லை. அந்தப் பெயரின் மேல் விரலை வைத்தார்.

பிறகு கேட்டார்: "அந்த ரங்கசாமி சொன்னது எங்கீங்க? அவிய ஊட்லயுந் தேடுவாங்கல்லொ?"

அதை நான் யோசிக்கவே இல்லை! இருவரும் கீழே தள்ளித் தள்ளித் தேடினோம். 'வெள்ளாமை' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தார் ரங்கசாமி. தக்காளி இந்த வருசம் நன்றாகக் காய்த்ததைப் பற்றிச் சொல்லியிருந்தார். அக்காவுக்கு நிம்மதி.

நம் குறை தீர்ந்த அடுத்த நிமிடம் எத்தனை பேருக்கு அடுத்த வீட்டு ஞாபகம் வருகிறது?

எழுந்தேன். "உக்காருங்க. ஒறம்பரை வந்தா காப்பி குடிக்காம போகப்படாதுங்க" என்றார். ஒறம்பரை — விருந்தாளி. எங்கள் விக்கியில் இல்லாத சொல்! அவர் அடுப்படிக்குப் போனதும் அந்த வாக்கியத்தை அப்படியே ஏற்றி, பக்கத்தில் 'சிவகாமி' என்று போட்டேன்.

காப்பியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கல். அதை மட்டும் விக்கியில் போடவில்லை.