கன்னியம்மாவின் முழம்

மெட்ரோ இரயிலுக்காக மயிலாப்பூர் லஸ் முனையைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள் அல்லவா? சென்ற வாரம் அவ்வழியே நடந்தபோது, தகரத் தடுப்பின் அடியிலிருந்து சாம்பல் நிறக் களிமண் சாலைவரை பிதுங்கிக் கிடந்தது. குனிந்து ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டி, முகர்ந்து பார்த்தேன். நல்ல பசை, மணல் சற்று அதிகம். "இன்னா பெரியவரே, மோதிரம் வியுந்துடுச்சா?" என்று கேட்டபடி அன்பர் ஒருவர் தாமும் குனிந்து தேடத் தொடங்கிவிட்டார். மண்ணை முகர்ந்துகொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்ததால், நானும் சிறிது நேரம் அவருடன் சேர்ந்து தேடினேன்.

அந்த ஈர மணம் என்னைத் தொண்ணூறுகளுக்கு இழுத்துச் சென்றது. அக்காலத்தில் தியாகராய நகர்த் துணிக்கடை ஒன்றில் பொம்மைகளுக்குப் புடவை கட்டுவது என் உத்தியோகம். கண்ணாடிக்குள் நின்ற அப்பொம்மைகள் அனைத்திற்கும் ஒரே முகம். முருங்கைக்காய் போன்ற ஒரே கை. நாள் முழுதும் அவற்றைத் தொட்டுத் தொட்டு, உயிருள்ள கை ஒன்றைச் செய்துவிட வேண்டுமென்ற வேட்கை எனக்குள் மூண்டது. கலைக்கல்லூரியின் வாசலை நான் மிதித்ததில்லை. மண்ணைப் பிசைந்து, செய்தவற்றில் பாதியைச் சூளையில் வெடிக்கவிட்டே சுடுமண் சிற்பம் கற்றேன்.

நான் தேடிய கை, மயிலாப்பூர் மாட வீதியில் பூ விற்றுக்கொண்டிருந்தது. கன்னியம்மாவுக்கு நீண்ட, நரம்போடிய கை. மல்லிகைச் சரம் அவளது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை ஓடி நிற்கும் கணத்தை மண்ணில் பிடிக்க விரும்பினேன். நாள்தோறும் அவளிடம் பூ வாங்கும் என் எதிர்வீட்டு மாமிக்கும் அவளுக்கும் ஓயாத வழக்கு.

"உன் முழம் வரவர கொறைஞ்சுண்டே போறதேடி!"

"கையி இன்னா கற்பூரமா மாமி, கரையறதுக்கு?"

பூ விற்றபடியே எனக்காக அமர அவள் இசைந்தாள். அவளுடைய கையை நூலால் அளந்து, அதே நீளத்தில் உருவம் செய்து சுட்டேன். களிமண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். உருவம் முழுதும் ஒரே சீராகச் சுருங்குவதால் சிற்பிகள் அதைப் பெரிதாகக் கருதுவதில்லை, நானும் கருதவில்லை. சிலையைப் பார்க்க மாமியுடன் என் வீட்டிற்கு வந்த கன்னியம்மா, தன் கையால் அளந்த சரத்தைச் சிலையின் கைமீது வைத்தாள். மூன்று விரற்கடை சரம் வெளியே தொங்கியது.

"நான் சொல்லலையோ?" என்று மாமி கைகொட்டிச் சிரித்தார்.

கன்னியம்மா சிரிக்கவில்லை. "சார், இத்த நாலு பேரு பாக்கற எடத்துல வெச்சின்னா, கன்னிம்மா முழமே இம்மாந்தான்னு ஊரே சொல்லும். அப்பால எவ எங்கைல பூ வாங்குவா? ஒடச்சுப் போட்டுரு."

விரைவில் நடக்கவிருந்த கண்காட்சிக்கென்று என்னிடமிருந்த ஒரே பெரிய உருவம் அது. ஆயினும், தராசில்லாத வியாபாரத்தில் அவளுக்கு அந்தக் கையைத் தவிர வேறு சாட்சி ஏது?

அதை உடைத்துவிட்டு மீண்டும் தொடங்கினேன். அதே மண்ணில் சிறு பட்டைகள் செய்து, சுட்டு, எவ்வளவு சுருங்குகிறதென்று பார்த்து, அதற்கேற்ப உருவத்தைப் பெருக்கினேன். எட்டிப் பார்த்த மாமி, "என்ன சார், ராட்சசியான்னா இருக்கா!" என்று மிரண்டார். ஐப்பசி மழையில் அது காய மறுத்தது. ஒருவாறு உலர்த்திச் சுட்டு, கொட்டிவாக்கத்தில் நண்பரின் தோட்டத்துச் சூளையைத் திறந்தேன். வெடிப்பில்லை. ஆனால் அளந்து பார்க்க நான் துணியவில்லை. அது அவள் செய்யவேண்டிய காரியம்.

ஆழ்வார்பேட்டைக் கூடத்தில் கண்காட்சி. பட்டும் வாசனைத் திரவியமுமாக நின்றவர்களுக்கு நடுவே, மாமி பின்தொடர, கன்னியம்மா பூக்கூடையுடன் நுழைந்தாள். எவரையும் பொருட்படுத்தாமல், தன் கையில் ஒரு முழம் அளந்து நாரை அறுத்தாள். அதைச் சிலையின் முழங்கையில் வைத்து நீட்டினாள். கடைசி மொட்டு, சிலையின் நடுவிரல் நுனியில் வந்து நின்றது.

"மாமி, இப்டி வா. நீயே பாத்துக்கோ."

மாமி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். "சரியாத்தான்டி இருக்கு. ரெண்டு முழம் குடு."

"எந்தக் கையில அளக்கட்டும்? இதுலயா, அதுலயா?"

பின்னாளில் பெரியோர் பலர் என் சிற்பங்களை மேடைகளில் புகழ்ந்திருக்கின்றனர். அந்தக் கேள்விக்கு ஈடான பாராட்டு எனக்கு இன்றுவரை கிட்டவில்லை. இதைப் பெருமையுடனேயே சொல்கிறேன்.

அச்சிலை அடையாற்றில் ஒரு வீட்டின் கூடத்தில் அமர்ந்திருக்கிறது. கன்னியம்மா இல்லை, மாமியும் இல்லை. இப்போது என் மருமகள் கைபேசியில் சொல்லி வரவழைக்கும் மல்லிகை, வாய் ஒட்டிய பையில் எடை போட்டே வருகிறது. கொண்டு வருபவர் வாசலில் வைத்து மணியடித்துவிட்டு மறைந்துவிடுகிறார். நான் கதவைத் திறக்கும்போது, குறைகிறதென்று சண்டை போட அங்கே யாரும் நிற்பதில்லை.