மோட்டார்ஹோமுக்குள் ஏறிய சாக்கடை

போன ஞாயிறு காலை என் அக்காவின் பாதம் மூழ்கச் சாக்கடை ஏறியது. லோங்காங் வாய்க்கால் ஓரத்தில் இல்லை. வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோமுக்குள்.

அந்த நாற்றம் இன்னும் என் மூக்கை விட்டுப் போகவில்லை. இந்த வாரம் என்னிடம் நயமான எழுத்தை எதிர்பார்க்காதீர்கள்.

அக்காவுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன். வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது. ஆனால் ஆடி மாதம் கேரி தீவு எஸ்டேட் கோயிலில் அம்மனுக்குப் படைக்கும் முதல் பானைக் கூழ் அவள் காய்ச்சுவதுதான். கல்யாணமாகி சுபாங் ஜெயாவுக்குப் போன பிறகும் ஒரு வருஷம்கூட விட்டதில்லை. இந்த வருஷம் வேறு ஆள் பார்ப்பதாகக் கோயில் கமிட்டி சொன்னதும் சரியாகச் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டாள்.

அவள் மகன் குமரன் மேரு டவுனில் ஒருவரிடம் மோட்டார்ஹோம் பிடித்தான். கட்டில், கழிவறை, அடுப்பு, சின்க் – எல்லாம் வண்டிக்குள்ளேயே. முந்தின நாளே கோயில் திடலில் நிறுத்திவிட்டோம்.

காலையில் வண்டிக் கதவைச் சாத்திக்கொண்டு அக்கா கூழ் காய்ச்சினாள். முடித்ததும் கழிவறைக்குள் போனாள். நான் உள்ளே வந்து சின்க்கில் ராத்திரிப் பாத்திரங்களைக் கழுவினேன். குழாய்க்குள் கடகடவென்று ஒரு சத்தம்...

"அடியே, கீழேருந்து தண்ணி வருதுடி."

கழிவறைக் கதவைத் திறந்தேன். அந்த வண்டியில் குளிப்பதும் கழிவறையும் ஒரே பெட்டிக்குள்தான். தரை ஓட்டையிலிருந்து பழுப்புத் தண்ணீர் பொங்கிக்கொண்டிருந்தது. அக்காவின் செருப்பு மிதக்கிறது. ஒரு தடவை வழுக்கினால் திரும்ப ஆபரேஷன் என்று டாக்டர் சொல்லியிருந்தார். குமரனும் நானும் அவளைத் தூக்கிக் கட்டிலில் போட்டோம்.

"போதும்மா, வீட்டுக்குப் போயிடலாம். கழிவறை இல்லாம இங்க எப்படி இருப்பீங்க?" என்றான் குமரன்.

அக்கா கூழ்ப் பானையையே பார்த்தாள்.

அதற்குள் என் வீட்டுக்காரர் குழாயில் ஊற்றக் கொதிக்கிற தண்ணீரோடு வந்துவிட்டார். கமிட்டிக்காரர் ஒருவருக்கு வேறு யோசனை. "கீழ கழிவு டேங்க் வால்வைத் திறந்து லோங்காங்ல விட்டுடுங்க அக்கா. யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்கறேன் அண்ணே. லோங்காங் உங்க வீட்டு வாசல் வழியா போகுதுன்னா சொல்லுங்க, திறந்து விடறேன்" என்றேன்.

ஆள் நகர்ந்துவிட்டார்.

வண்டிக்காரருக்குப் போன் போட்டேன். "சுடுதண்ணி வேணாம் லா அக்கா. உள்ள எல்லாம் பிளாஸ்டிக் பைப்பு, ஜாயின்ட் கழண்டுக்கும். சின்க் ஓட்டைய ஈரத்துணியால அடைச்சிட்டு, குளிக்கிற எடத்துல ரப்பர் பம்ப் வச்சு அழுத்துங்க."

கோயிலுக்குப் பக்கத்து வீட்டில் பம்ப் வாங்கி வந்து அழுத்தினேன். அழுத்தினேன், அழுத்தினேன்... பொளக்கென்று வெளியே வந்தது. கறுப்பும் பழுப்புமாய்க் கட்டி கட்டியாக, சிமெண்ட் மாதிரி. முகர்ந்து பார்த்தேன். கேழ்வரகு.

"எந்த அறிவு கெட்டது சின்க்குல கூழ ஊத்துச்சு?"

"நான்தான்டி."

அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். முதல் பானை அடிப்பிடித்துவிட்டதாம். அதை அம்மனுக்கு வைக்க முடியுமா? கீழே இறங்கி எங்காவது கொட்டலாம் என்றால் வாக்கரோடு படி இறங்க முடியவில்லை. சின்க்கில் ஊற்றிவிட்டு மறுபடி காய்ச்சியிருக்கிறாள்.

"என்னைக் கூப்பிட்டிருக்கலாம்ல?"

"கூப்பிட்டா என்ன சொல்லுவ? உன்னால முடியாதுன்னு அப்பவே சொன்னேன்ல, அப்படித்தான சொல்லுவ?"

சாக்கடையைவிட இதுதான் எனக்கு அதிர்ச்சி. கதவுக்கு வெளியே மூன்று பேர் போனை நோண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எங்கள் வாய்க்குப் பயந்து ஒரு மனுஷி கொதிக்கிற பானையைத் தனியாகத் தூக்கியிருக்கிறாள்... அந்த இடுப்போடு.

மோட்டார்ஹோம் எடுக்கிறவர்களே, கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குழாய் நம் வீட்டுக் குழாய் மாதிரி இல்லை, ஒல்லி. கஞ்சி வடிக்காதீர்கள். கூழ், பாயசம், குழம்பு எண்ணெய் எதுவும் ஊற்றாதீர்கள். தட்டை டிஷ்யூவால் துடைத்துக் குப்பையில் போட்டுவிட்டுக் கழுவுங்கள். சின்க்கில் ஒரு சல்லடை வையுங்கள். டேங்க் தண்ணீரை அதற்கென்று இருக்கும் இடத்தில்தான் இறக்க வேண்டும்.

தரையைத் தேய்த்துக் கழுவிவிட்டு, குமரனும் என் வீட்டுக்காரரும் அக்காவை நாற்காலியோடு தூக்கி அம்மன் முன்னால் வைத்தார்கள். இரண்டாவது பானைக் கூழை அவளே படைத்தாள்.

அடுத்த ஆடிக்கு நானும் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பேன் – வாயை மூடிக்கொண்டு, முடிந்தால்.