பதினோரு இணைப்புகளும் ஒரு விடுகைப் பத்திரமும்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்: நான், என் கணவர், மகள் அபிநயா, சீனிப் போத்தலில் சாய்த்து வைத்த கணவரின் போனுக்குள் இலங்கையில் எங்கள் ஊரான பனிச்சங்கேணியிலிருந்து அம்மா, அம்மாவின் தோளுக்குப் பின்னால் அப்பாவின் ஒரு முழங்காலும் சாரத்தின் கரையும். அப்பாவின் முகம் படத்தில் விழவில்லை. ஆனாலும் ஆள் அங்கே இருந்தார் என்பதால் அவரையும் கணக்கில் சேர்க்கிறேன். எதையும் ஆட்களைச் சாட்சி வைத்துச் செய்வது என் பழக்கம். பின்னொரு நாள் யாராவது வந்து அப்படி ஒன்றும் நடக்கவில்லையே என்று சொன்னால் என்ன செய்வது?

நேரம் மத்தியானம் இரண்டு மணி. வெளியே கும்மிருட்டு. நோர்வேயின் வடகோடியில் இருக்கும் இந்தத் துறைமுக ஊரில் மார்கழி முழுக்கச் சூரியன் எழும்புவதில்லை. பத்தொன்பது வருஷமாகியும் லைற்றைப் போட்டுக்கொண்டு மத்தியானச் சோறு தின்னும்போது ஏதோ ஒரு வேளைச் சாப்பாட்டைத் தவறவிட்டதுபோல் இருக்கும். அந்த இருட்டில்தான் என் போன் அடித்தது. பள்ளிக்கூடத்திலிருந்து. இந்த நாட்டில் பள்ளிக்கூடம் ஆட்களைத் தேடி போன் எடுக்கும். ஊரில் பள்ளிக்கூடத்திலிருந்து வீட்டுக்குச் செய்தி வந்தால் ஒன்றில் பிள்ளை விழுந்திருக்கும், அல்லது கூரை விழுந்திருக்கும்.

"வணக்கம், நான் இங்ரிட், ரெக்டர் பேசுகிறேன்" என்றது ஒரு பெண் குரல். ரெக்டர் என்றால் அதிபர். நான் எழும்பி நின்றேன். நான் நிற்பதைக் கண்டு என் கணவரும் எழும்பி நின்றார். மகள் மட்டும் கதிரையில் இருந்தபடியே சிரித்தாள். அவள் இங்கே பிறந்தவள்.

முப்பத்தொன்பது வயதுக்காரிக்கு ஒரு பள்ளிக்கூடத்து அதிபர் எதற்காக போன் எடுக்கிறார் என்பதை ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். இங்கே ஃபோல்க்கஹொய்ஸ்கூல என்று ஒரு வகைப் பள்ளிக்கூடம் இருக்கிறது. நம் பாசையில் சொன்னால் போடிங் ஸ்கூல். ஓகஸ்ட் முதல் மே வரை ஒரு வருஷம் அங்கேயே தங்க வேண்டும். பரீட்சை இல்லை, புள்ளி இல்லை, முடிவில் தருகிற சான்றிதழில் நீங்கள் அங்கே இருந்தீர்கள் என்றுதான் எழுதியிருக்கும். உயர்தரம் முடித்த இளசுகள் அடுத்து என்ன செய்வதென்று தெரியாத வருஷத்தில் அங்கே போவார்கள். மகளுக்கு உயர்தரம் முடியப்போகிறது. அடுத்து என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியாது என்று நான் தீர்மானித்தேன். அவளிடம் கேட்கவில்லை.

போன வருஷம் முழுக்க, மீன் தொழிற்சாலையில் எட்டு மணித்தியாலம் தோர்ஸ்க் மீனுக்கு முள் எடுத்துவிட்டு வந்து, பின்னேரங்களில் அந்தப் பள்ளிக்கூடங்களின் இணையத் தளங்களை வாசித்தேன். ஒரு கொப்பியில் கோடு போட்டு எழுதினேன்: ஓர் அறைக்கு எத்தனை பேர், குளியலறை பொதுவா தனியா, ஆஸ்பத்திரி எத்தனை கிலோமீற்றர், தீப்பிடித்தால் எத்தனை வாசல். தீப்பிடித்தால் எத்தனை வாசல் என்று எந்தத் தளத்திலும் இல்லை. எழுதிக் கேட்டேன். மூன்று பள்ளிக்கூடங்கள் பதில் போட்டன. ஒன்று கட்டட வரைபடமே அனுப்பியது.

ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் ஒவ்வொரு பிரிவு. கயாக் என்ற சின்னத் தோணியில் கடலுக்குப் போகிற பிரிவு: கவிழும். நாய்வண்டிப் பிரிவு: கடிக்கும். மலையேற்றம்: பனி சரியும். வெளிவாழ்க்கை என்று ஒரு பிரிவில் காட்டுக்குள் தறப்பாள் கட்டிப் படுக்கப் பழக்குவார்கள். அதை நாங்கள் வாகரைப் பக்கம் இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில் கட்டணமில்லாமல் படித்தோம். கடைசியில் மட்பாண்டப் பிரிவு ஒன்றுதான் மிஞ்சியது. அதில் உள்ள ஆபத்து சூளை மட்டும். தள்ளி நிற்கலாம்.

கொப்பியை மகளின் முன்னால் வைத்தேன். அவள் நாலு பக்கம் புரட்டினாள்.

"அம்மா, நான் ஒஸ்லோவுக்கு நேர்சிங் படிக்கப் போறன். போன மாசமே சொன்னன்தானே."

"அது பிறகு. முதல்ல இது ஒரு வருசம்."

"உங்களுக்கு இது இவ்வளவு விருப்பமெண்டா நீங்களே போங்க." அவள் பகிடியாகத்தான் சொன்னாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொப்பியைத் திரும்பவும் புரட்டினாள். "அம்மா, இதில ஆகக்கூடின வயசு எண்டு ஒண்டும் போடல்லயே."

அது எனக்குத் தெரியும். ஆகக்குறைந்த வயதை மட்டும் எழுதியிருந்த வரியின் கீழே நான் ஏற்கெனவே கோடு போட்டிருந்தேன்.

கணவருக்குச் சொன்னபோது அவர் வெகுநேரம் யோசித்தார். "ஒரு வருசமா?" என்றார். "ஒன்பது மாசம்" என்றேன். "அதுக்குள்ள நான் என்னத்தச் சாப்பிடுற?" என்றார். "அப்பா, உங்களுக்கு கை இருக்கு" என்றாள் மகள். அதோடு பேச்சுவார்த்தை முடிந்தது. ஊர் ஆட்கள் நாலு வீடு இருக்கிற இடம் இது. இரண்டு நாளில் ஓர் அக்கா போன் எடுத்து, "என்னகா, வீட்டில ஏதும் பிரச்சினையா? போடிங்குக்குப் போறியாமே" என்று இரக்கமாக விசாரித்தாள்.

எனக்கு இது முதல் விண்ணப்பம் இல்லை. இரண்டாவது. முதலாவதை அப்பாவும் நானும் மட்டக்களப்பு நகரில், புளியந்தீவில் ஒரு பள்ளிக்கூடத்து விடுதியில் கொடுத்தோம். அப்போது எனக்குப் பதினாலு வயது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஒன்பதாம் வகுப்புக்கு மேலே வகுப்பு இல்லை. விடுதியில் சேர்கிற பிள்ளை கொண்டுவர வேண்டிய சாமான் பட்டியலை யாரோ எழுதித் தந்திருந்தார்கள்: பூட்டுள்ள றங்குப்பெட்டி ஒன்று, எனாமல் கோப்பை ஒன்று, வெள்ளைச் சட்டை மூன்று. அப்பா பூட்டை மட்டும் வாங்கினார். இடம் உறுதியாகாமல் பெட்டி வாங்குவது புத்தியில்லை, பூட்டென்றால் எதற்கும் உதவும் என்றார். விடியவே பஸ் எடுத்து, இரண்டு சோதனைச் சாவடிகளில் இறங்கி ஏறி, பத்து மணிக்கு விடுதி வாசலில் நின்றோம். அப்பா களப்பில் வலை வீசுகிற மனிதர். அன்றைக்கு வேட்டி கட்டியிருந்தார். வேட்டியோடு அவர் ஒரு கோயில் மாதிரி அசையாமல் இருந்தார்.

விடுதிக்குப் பொறுப்பான மிஸ் நல்லவர். என் புள்ளிகளைப் பார்த்தார், பரவாயில்லை என்றார், ஒரு கட்டில் இருக்கிறது என்றார். பிறகு விடுகைப் பத்திரத்தைக் கேட்டார். ஒரு பள்ளிக்கூடத்துப் பதிவேடான இடாப்பில் பெயரை வெட்டி, இந்தப் பிள்ளை இனி இங்கே இல்லை என்று அதிபர் கையெழுத்து வைத்துத் தருகிற தாள் அது. அது இல்லாமல் அடுத்த பள்ளிக்கூடம் சேர்க்காது.

"அது எடுக்கல்ல மிஸ்" என்றார் அப்பா. "இஞ்ச இடம் உறுதியெண்டா நாளைக்கே அங்க பேர வெட்டிக்கிட்டு வாறன்."

"அங்க வெட்டினாத்தான் ஐயா இஞ்ச பதியலாம்."

"இஞ்ச பதிஞ்சாத்தானே மிஸ் அங்க வெட்டலாம். வெட்டிப்போட்டு நீங்க இல்லையெண்டா, புள்ள எந்தப் பள்ளிக்கூடத்துப் புள்ள?"

மிஸ் சட்டத்தைத் திரும்பச் சொன்னார். அப்பா தன் கேள்வியைத் திரும்பக் கேட்டார். இருவரும் மிக மரியாதையாகக் கால் மணித்தியாலம் இப்படியே நின்றார்கள். இன்று யோசித்தால் இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. அந்த நாட்களில் எந்தப் பள்ளிக்கூடத்து இடாப்பிலும் பெயர் இல்லாத பதினாலு வயதுப் பிள்ளைக்கு, சண்டைக்கு ஆள் சேர்க்கிற வேறு இடாப்புகள் காத்திருந்தன. அப்பா அதை மிஸ்ஸிடம் சொல்லவில்லை. மிஸ்ஸும் கேட்கவில்லை. "ஒரு கிழமைக்குக் கட்டிலை வச்சிருக்கிறன், எடுத்துக்கிட்டு வாங்க" என்று மட்டும் சொன்னார்.

அப்பா திரும்பி வரும் வழியெல்லாம் யோசித்து, ஓட்டமாவடி தாண்டும்போது வெட்டுவதென்று முடிவெடுத்தார். ஆனால் எங்கள் அதிபர் அன்று காலைதான் சம்பளம் எடுக்க மட்டக்களப்புக்குப் போயிருந்தார். அடுத்த நாள் வீதியை மூடிவிட்டார்கள். ஒன்பது நாள் திறக்கவில்லை. நாங்கள் போக வேண்டிய பக்கத்தில் அதிபர் இருந்தார், அவர் வர வேண்டிய பக்கத்தில் நாங்கள் இருந்தோம். பத்தாம் நாள் கட்டிலில் வேறொரு பிள்ளை படுத்திருந்தது. அதற்குப் பிறகு பெயரை வெட்ட அவசியம் வரவில்லை. நான் இறால் வாடியில் தோல் உரிக்கப் போனேன். பூட்டு கோழிக்கூட்டுக்குப் போனது. அப்பா அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. கோழிக்கூட்டைத் திறக்கும்போது மட்டும் என் பக்கம் பார்க்க மாட்டார்.

ஆகையால் இரண்டாம் முறை ஒன்றும் குறையக்கூடாது என்று நினைத்தேன். நோர்வேப் பள்ளிக்கூடம் கேட்டது ஒரே ஒரு தாள்: உங்களைப் பற்றிச் சில வரிகள். நான் பதினோரு இணைப்புகளை அனுப்பினேன். பிறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பல் வைத்தியரின் கடிதம், தொழிற்சாலை மேற்பார்வையாளரின் கடிதம் என்று அது போகும். பதினோராவது, நான் நல்லொழுக்கம் உள்ளவள் என்று எங்கள் கிராம சேவகர் தந்த நற்சான்றிதழ். அம்மா போய் எடுத்து வந்தார். "எந்தப் புள்ளைக்கு?" என்று கேட்டாராம் கிராம சேவகர். "மூத்தவளுக்கு. பள்ளிக்கூடம் சேரப் போறாள்" என்றாராம் அம்மா. அவர் பேனையை வைத்துவிட்டு அம்மாவுக்குச் சுகமா என்று விசாரித்திருக்கிறார்.

பன்னிரண்டாவதாகப் போக வேண்டியது விடுகைப் பத்திரம். அதற்காக அம்மா ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போன நாள்தான் அன்று. அந்தச் செய்தியைத்தான் அம்மா போனில் சொல்லிக்கொண்டிருந்தார். இடாப்பு இன்னும் இருக்கிறதாம். சண்டைக்குப் பயந்து ஓடுபட்ட காலத்தில் எங்கள் வீட்டில் ஆட்டுக்குட்டியைத் தூக்கினோம், அந்தக் கால அதிபர் இடாப்பைத் தூக்கியிருக்கிறார். இப்போதுள்ள அதிபர் பொடியன் போல் இருக்கிறாராம். தேடி எடுத்து, தூசு தட்டி, பக்கத்தைக் காட்டினாராம்.

"உன்ட பேர் அப்பிடியே கிடக்குது புள்ள. மற்றப் பேரெல்லாத்துக்கும் சிவப்புக் கோடு. உனக்குக் கோடில்ல. நீ இன்னும் அங்கதான் படிக்கிறியாம்."

"பத்திரம் தருவாராமா?"

"தருவாராம். வசதிக் கட்டணம் பாக்கியாம், ஒரு புத்தகமும் குடுக்கல்லயாம். அதக் கட்டினா வெட்டித் தருவாராம்."

அந்த இடத்தில்தான் போன் அடித்தது.

"உங்கள் விண்ணப்பத்தை வாசித்தேன்" என்றார் ரெக்டர். "நாங்கள் ஒரு பக்கம்தான் கேட்டோம். வட்ட முத்திரை குத்தின அந்தக் கடதாசி என்ன?"

"நான் கெட்டவள் இல்லை என்று அதில் எழுதியிருக்கிறது."

ரெக்டர் கடதாசியைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அப்படித்தான் நாங்களும் நினைத்திருந்தோம்" என்றார்.

"ஆரது புள்ள?" என்றார் சீனிப் போத்தல் பக்கமிருந்து அம்மா.

"அதிபர்" என்றார் நின்றபடியே என் கணவர், மெதுவாக. அம்மா முந்தானையைச் சரி பண்ணினார்.

"எங்களிடம் உங்களுக்கு ஏதும் கேள்வி இருக்கிறதா?" என்று கேட்டார் ரெக்டர். பள்ளிக்கூடத்தை நாங்கள் கேள்வி கேட்கலாம் என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. கேள்விக்குப் பதிலாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். "ஒரு தாள் குறைகிறது. என் பழைய பள்ளிக்கூடம் என்னை இன்னும் விடுவிக்கவில்லை."

"நீங்கள் இப்போது வேறு பள்ளிக்கூடத்தில் படிக்கிறீர்களா?" அவருடைய குரலில் ஒரு கவலை தெரிந்தது.

"இடாப்பின்படி, ஓம்."

"எவ்வளவு காலமாக?"

"இருபத்தைந்து வருஷம். ஒன்பதாம் வகுப்பில்."

அவர் இதை எப்படி விளங்கிக்கொண்டார் என்று இன்றுவரை தெரியாது. நான் படிப்பில் மந்தம் என்று நினைத்தாரோ, விடாமுயற்சி என்று நினைத்தாரோ. "அது எங்களுக்குத் தேவையில்லை, புனிதமலர்" என்றார், என் முழுப் பெயரையும் தடக்குப்பட்டுத் தடக்குப்பட்டு. "நீங்கள் அங்கே இருந்துகொண்டே இங்கேயும் வரலாம். மட்பாண்டப் பிரிவில் இடம் உங்களுக்குத்தான். கம்பளி உள்ளுடுப்பும் வீட்டுச் செருப்பும் கொண்டுவாருங்கள்."

போனை வைத்துவிட்டு நடந்ததைத் தமிழில் சொன்னேன். கணவர் மெல்ல உட்கார்ந்தார். மகள் என்னைக் கட்டிப்பிடித்தாள்.

"அப்ப சரி" என்றார் அம்மா. "நாளைக்கே அந்தக் காசக் கட்டி உன்ட பேர வெட்டுவிச்சுக்கிட்டு வாறன். மறுகா ஒரு கரைச்சலும் வராது."

அப்போது அம்மாவுக்குப் பின்னால் இருந்த முழங்கால் அசைந்தது. படம் ஆடி, மேலே ஓடு தெரிந்து, பிறகு அப்பாவின் முகம், மிகக் கிட்ட, பாதிதான் தெரிந்தது.

"வெட்ட வேணாம்" என்றார். "முதல்ல அங்க போய் இருந்து பாக்கட்டும். சரிவரல்லயெண்டா புள்ள எங்க போற?"

"அம்மப்பா, அம்மாவுக்கு நாப்பது வயசாகப் போகுது" என்றாள் மகள்.

"அதுக்கு?"

இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகும் அப்பா விடுதி மிஸ்ஸிடம் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டார். ஆனால் இந்த முறை என் பக்கம் பார்த்துக் கேட்டார். நான் மறுபடி எழும்பி நின்றிருந்தேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

"கிடக்கட்டும் அப்பா" என்றேன்.

இங்கே இருந்து இதை வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன், நான் கடனை வைத்துக்கொண்டு நித்திரை கொள்கிற ஆள் இல்லை. மின்சாரப் பற்றுச்சீட்டை வந்த அன்றே கட்டுவேன். நோர்வேப் பள்ளிக்கூடம் கேட்ட பதிவுப் பணத்தையும் கடிதம் வந்த அன்றே கட்டினேன். ஓகஸ்டில் அங்கே ஓர் அறைக் கதவில் என் பெயரை ஒட்டுவார்கள். பனிச்சங்கேணியில் தண்ணீர்க் கறை பிடித்த ஒரு பக்கத்தில், சிவப்புக் கோடுகளுக்கு நடுவே, கோடில்லாமல் அதே பெயர் இருக்கும். அங்கே நான் இன்னும் கட்ட வேண்டியது நாற்பத்தேழு ரூபா ஐம்பது சதம்.