ஷாஜினி கட்டிய அட்டைப்பெட்டி

ஷாஜினியைப் பார்த்துப் பொறாமைப்பட ஒன்றுமில்லை என்றுதான் மூன்று வருடம் நினைத்திருந்தேன். குளச்சல்காரி. தோஹாவில் நஜ்மா பக்கம் ஒரு கிளினிக்கின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் நாங்கள் இரண்டே பேர்தான் டெக்னீஷியன்கள். தங்கியதும் ஒரே அறையில். மாங்காய் போடாத மீன் குழம்பு அவளுக்கு இறங்காது. ஊசி குத்தும்போது நோயாளியைவிட முந்தி அவள் முகம் சுளிப்பாள். ஆனாலும் குழந்தைகள் அவளிடம்தான் கையை நீட்டும்.

2006 ஜனவரியில் ஜெனினைக் கட்டினாள். அவனும் குளச்சல் குடும்பம்தான், வளர்ந்தது அமெரிக்காவில். அந்நாட்டு ராணுவத்தில் சேர்ந்து, தோஹாவுக்கு வெளியே உள்ள தளத்தில் இருந்தான். தளத்துக்குள் குடும்பம் கூடாது, ஆகவே கல்யாணத்துக்குப் பிறகும் அவள் என் அறையில்தான். மே மாதம் ஜெர்மனிக்கு மாற்றல் வந்தது, ஜூலையில் கிளம்ப வேண்டும். உத்தரவுத் தாளை ஷாஜினி அறைக்குக் கொண்டுவந்து காட்டினாள். அவன் பெயருக்குக் கீழே அவள் பெயர், பக்கத்தில் ‘மனைவி’ என்று.

“பெண்டாட்டிக்கும் பட்டாளமே டிக்கெட் போடுதாம் அக்கா. எனக்க பெட்டியெல்லாம் அவங்களே வந்து தூக்கிட்டுப் போவாங்களாம். எத்தன கிலோ விடுவாங்கன்னு கேட்டேன். இவரு விழுந்து விழுந்து சிரிக்காரு.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கணவர் ஜெயசீலன் சவூதியில், ஜுபைலில் இருந்தார். வரைபடத்தில் தோஹாவிலிருந்து விரலின் ஒரு கணு தூரம். அவருடைய கேம்ப்பில் மனைவிக்கு இடமில்லை. என் விசாவில் கணவனுக்கு இடமில்லை. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, இருவர் லீவும் ஒத்துவந்தால், எங்கள் ஊர் மணப்பாட்டில் முப்பது நாள். அந்த வருடம் ஆகஸ்ட் ஒத்துவந்திருந்தது.

ஷாஜினி ஜூலையில் போனால் எனக்கு ஆகஸ்ட் லீவு கிடையாது. புது ஆள் விசா எடுத்து வர மூன்று மாதமாகும், அதுவரை நீ அசையக்கூடாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். இதை நான் ஷாஜினியிடம் சொல்லவில்லை. சொன்னால் என்னைப் பரிதாபமாகப் பார்ப்பாள். எல்லாம் கிடைத்தவளிடமிருந்து அதையும் வாங்கிக்கொள்ள மனமில்லை.

அவள் போக ஒரு மருத்துவப் படிவம் வேண்டியிருந்தது. தன் ரத்தத்தைத் தானே சோதித்து எழுதக் கூடாது. ஆகவே அது என் கைக்கு வந்தது. வியாழக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் ஜெனின் தனியாகப் போக வேண்டும். இவள் ஆறேழு மாதம் கழித்துத்தான். முடிவுகள் எல்லாம் திங்களன்றே வந்துவிட்டன. படிவத்தை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

“வந்துட்டா அக்கா?”

“இன்னும் வரலளா. டாக்டர் கையெழுத்து போடணும்.”

புதன்கிழமை டியூட்டி முடிந்து வந்தபோது அறை நடுவில் அட்டைப்பெட்டி ஒன்றைக் கால்களுக்கிடையில் இடுக்கிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக அதில் சாமான் சேர்ப்பதைக் கவனித்திருந்தேன். டாங் ஜூஸ் பவுடர், நிடோ பால்பவுடர் டின்கள், டைகர் பாம், பெரிய போர்வை. ஜெர்மனிக்கு இதையெல்லாம் சுமக்கிறாளே என்று எனக்குள் ஒரு குரூரமான சந்தோஷம்.

“ஏளா, ஜெர்மனிக்காரனுக்கு டைகர் பாம் தேச்சுவிடப் போறியாக்கும்?”

கயிற்றின் முனையைப் பல்லில் கடித்தபடி அவள் நிமிர்ந்தாள். “ஜெர்மனிக்கா? உங்களுக்க வீட்டுக்கு அக்கா! நான் ஊருக்குப் போயி அம்மாவப் பாத்துட்டுதானே போறேன். எனக்க சாமானப் பட்டாளம் தூக்குது, பிளேன்ல முப்பது கிலோ சும்மா கெடக்கு. கொண்டு குடுத்திருதேன். ஆகஸ்டுல நீங்க கைய வீசிட்டுப் போனா போதும்.”

பெட்டியைத் திருப்பினாள். நாலு பக்கமும் கறுப்பு மார்க்கரில் என் கணவர் பெயர், மணப்பாடு.

மறுநாள் காலை படிவத்தை நிரப்பி, முத்திரை குத்திக் கொடுத்தேன். மனம் இளகியதால் என்று சொல்லமாட்டேன். அந்தப் பெட்டியோடு இன்னும் ஒரு நாள் ஒரே அறையில் இருக்க என்னால் முடியவில்லை.

அவள் போனாள். ஆகஸ்டில் ஜெயசீலன் தனியாக ஊருக்குப் போனார். பெட்டியைப் பிரித்துவிட்டு போன் பண்ணினார். “ரெண்டு பேர் போத்துற போர்வல்லா இருக்கு. நான் ஒருத்தன் இத என்ன செய்ய?” என்று சிரித்தார். அடுத்த தடவை என்றேன்.

அடுத்த பிப்ரவரியில் ஜுபைல் கேம்ப்பில் தூக்கத்திலேயே அவர் இருதயம் நின்றுபோனது. எனக்கு அன்றைக்கே லீவு கொடுத்தார்கள். அந்தப் போர்வை வீட்டு அலமாரியில் மடிப்புக் கலையாமல் இருந்தது.

எட்டாம் நாள் ஜெர்மனியிலிருந்து ஷாஜினி பேசினாள். வெகுநேரம் அழுதாள். பின்னால் பாத்திரம் கழுவும் சத்தம் நின்று, “யாரு, தேவகனி அக்காவா?” என்று ஜெனின் கேட்பது எனக்குக் கேட்டது. அந்த நேரத்திலும் எனக்குள் அது சுருக்கென்று குத்தியது.

“அக்கா, ஆகஸ்டுல முப்பது நாளு ஒண்ணா இருந்தீங்கல்லா. அதாவது கெடச்சுதே.”

ஆகஸ்டில் நான் ஊருக்குப் போகவேயில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. சொல்ல என்னைத் தவிர ஆளுமில்லை. இப்போது சொன்னால் அந்த வீட்டில் அவள் சிரிப்பு நின்றுவிடும் என்று எனக்குத் தெரியும். நிற்கட்டுமே என்றும் ஒரு கணம் தோன்றியது.

“ஆமாளா,” என்றேன். “நல்லா இருந்தோம்.”