பார்ட்லியின் மச்சினன்

பார்ட்லி ஹாலிசி தன் மச்சினனைத் தானே கார்க் நகரத்துக்கு வண்டி கட்டிக்கொண்டு போய்க் கூட்டிவந்தான். அதனால் பின்னால் நடந்ததற்கு யாரையும் குறை சொல்ல அவனுக்கு வழியில்லாமல் போயிற்று. அதுவே அவனுக்குத் தனி எரிச்சல்.

பாலின்காலிக் வெடிமருந்து ஆலையில் பார்ட்லி பீப்பாய் செய்பவன். தண்ணீர் பிடிக்கிற பீப்பாயை எவனும் செய்துவிடுவான், மரம் ஊறி இடுக்கைத் தானே மூடிக்கொள்ளும். வெடிமருந்துப் பீப்பாய் காய்ந்தே கிடக்க வேண்டும், காய்ந்த நிலையிலும் ஒரு துகள் வெளியே வரக்கூடாது. பார்ட்லி இழைத்துச் சேர்த்த இரண்டு பலகைகளுக்கு நடுவே வெளிச்சம்கூட நுழையாது என்று கொட்டகையில் எல்லோருக்கும் தெரியும். பார்ட்லிக்கு அது கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

அவனுக்கு இன்னொரு பெருமையும் இருந்தது. பீப்பாய்க் கொட்டகை ஆலையின் வெளிப்பக்கம், இரும்பு வாச்சியும் இரும்பு உளியும் புழங்குகிற இடம். கால்வாய்ப் பாலத்தைத் தாண்டினால் மருந்து அரைக்கும் கட்டடங்கள். அவற்றுக்கும் அப்பால், மரங்களுக்கு நடுவே, பீப்பாய்களில் மருந்தை அடைக்கும் வீடு. அங்கே நிரப்பிய பீப்பாயில் வளையம் தளர்ந்தால் ஒருவன் உள்ளே போய்ச் தீப்பொறி தெறிக்காத செம்புச் சுத்தியலால் தட்டி இறுக்க வேண்டும். ஒரே அறையில் சுற்றிலும் மருந்து, நடுவே அவனும் அவன் தட்டுகிற சத்தமும். பல வருஷங்களாக அந்தச் சுத்தியல் பார்ட்லியின் கையில் இருந்தது. அவன் பாலத்தைத் தாண்டும்போது கொட்டகையில் பேச்சு நின்றுவிடும். அந்த அமைதி அவனுக்குப் பிடிக்கும்.

மச்சினன் யூஜின் டூமி நகரத்தில் வெண்ணெய்ப் பீப்பாய் செய்துகொண்டிருந்தவன். வெண்ணெய் வியாபாரம் படுத்ததும் வேலை போயிற்று. "என் தம்பி பட்டினி கிடக்கிறான், நீங்க பீப்பாய்க்காரன்னு ஊர்ல பேரு வாங்கி என்ன பிரயோஜனம்?" என்று மனைவி அபைனா கேட்டாள். பார்ட்லி போய்க் கொட்டகைத் தலைவர் ஹோர்கனிடம் பேசினான். யூஜினுக்குப் பக்கத்துப் பட்டறை கிடைத்தது. தங்குவதற்குப் பார்ட்லி வீட்டு மேல்மாடம் கிடைத்தது.

"வெண்ணெய் வழுக்கும், மாப்ளே. இது வழுக்கினா நம்ம எல்லாரையும் பொறுக்கி எடுக்கணும்," என்றான் பார்ட்லி முதல் நாளில்.

"அப்போ என்னைப் பொறுக்கறப்ப கொஞ்சம் பெரிய துண்டா பாத்து எடுங்க அத்தான், அக்காவுக்கு அடையாளம் தெரியணும்," என்றான் யூஜின். கொட்டகை முழுக்கச் சிரித்தது. பார்ட்லி இத்தனை வருஷம் வேலை செய்தும் அந்தக் கொட்டகையை ஒரு தடவை சிரிக்கவைத்ததில்லை.

அன்று தொடங்கியது.

யூஜின் செய்த பீப்பாய் நன்றாகத்தான் இருந்தது. பார்ட்லி செய்ததைவிட நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அவன் சீட்டியடித்துக்கொண்டே செய்தான். பார்ட்லி பல்லைக் கடித்துக்கொண்டு எட்டுகிற இடத்துக்கு அவன் பேசிக்கொண்டே வந்து சேர்ந்தான். வீட்டிலும் அப்படியே. கோஸும் உப்புக்கண்டப் பன்றிக்கறியும் வேகும் நாளில் அபைனாவின் கரண்டி முதலில் தம்பியின் தட்டுக்குப் போகும். மகள் நோனி மாமன் மடியை விட்டு இறங்க மாட்டாள். பார்ட்லி மோரைக் குடித்துக்கொண்டே யார் தட்டில் எவ்வளவு என்று பார்த்துக்கொண்டிருப்பான். பார்க்கக்கூடாது என்று நினைப்பான். மறுபடி பார்ப்பான்.

இலையுதிர் காலத்தில் ஒரு நாள் ஹோர்கன் அவனைத் தனியாக அழைத்தார்.

"செம்புச் சுத்தியல இனிமே யூஜின்கிட்ட குடுத்துடலாம்னு இருக்கேன், பார்ட்லி."

"என் கை எங்க தவறிச்சு? ஒண்ணு சொல்லுங்க."

"கையில குத்தமே இல்லப்பா. நீ உள்ள போனா அடைக்கறவங்க எல்லாம் நடுங்கறாங்க. உன் மூஞ்சியப் பாத்தா இன்னிக்கு ஏதோ நடக்கப் போகுதுன்னு இருக்காம். அவன் போனா நிம்மதியா வேலை பாக்கறாங்க. நடுங்கற கை அந்த வீட்டுல ஆகாது, உனக்கே தெரியும்."

கை சரியில்லை என்றிருந்தால் பார்ட்லி சண்டை போட்டிருப்பான். மூஞ்சி சரியில்லை என்றால் என்ன செய்வது? சுத்தியலைக் கொண்டுவந்து மச்சினனின் பட்டறையில் வைத்தான். "பத்திரம்," என்றான்.

உறைபனி விழுந்த ஒரு காலையில் யூஜினின் கையில்லா கோட்டில் தையல் விட்டிருந்தது. அவன் அதைப் போட்டிருக்கும்போதே அபைனா அடுப்படியில் நின்று தைத்தாள். கஞ்சி பொங்கியது. நூலைக் கடித்து அறுத்துவிட்டு, ஊசியைக் கோட்டின் மார்ப்பட்டையில் குத்திவைத்துவிட்டுப் பானையைப் பிடிக்க ஓடினாள். பிறகு மறந்துவிட்டாள்.

பார்ட்லி மறக்கவில்லை. அவனுடைய சொந்தக் கோட்டு, முழங்கைக் கிழிசலோடு, இரண்டு வாரமாகக் கதவுக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்தது. ஊசி மினுங்குவதைப் பார்த்தான். எஃகு ஊசி, பாலத்துக்கு அப்பால் எஃகோ இரும்போ போகக்கூடாது. பாலத்தில் சோதனைக்காரன் கண்ணில் படும், எல்லோர் முன்னாலும் நாலு வார்த்தை கேட்பான், சிரிப்பு வரட்டும் பார்க்கலாம், என்று நினைத்தான். வாயைத் திறக்காமல் கஞ்சியைக் குடித்தான்.

காலையிலேயே அடைப்பு வீட்டிலிருந்து ஆள் வந்தது, இரண்டு பீப்பாயில் வளையம் தளர்ந்திருக்கிறது என்று. யூஜின் பூட்ஸைக் கழற்றி ஆணியில்லாத தோல் செருப்பைப் போட்டுக்கொண்டு, ஆலையின் பையில்லாத மேலங்கியைக் குளிருக்காகக் கோட்டின் மேலேயே போட்டுக்கொண்டு புறப்பட்டான். பார்ட்லி வாசலுக்கு வந்து நின்றான். பாலத்தில் சோதனைக்கு நிற்பவன் கிழவன் சில்வெஸ்டர் ஃபோர்ட். எல்லோரையும் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்ப்பவன். பார்ட்லியையே எத்தனை தடவை வாயைத் திறக்கச் சொல்லியிருக்கிறான்.

"என்னடா இருக்கு உள்ள?" என்று கேட்டான் சில்வெஸ்டர்.

"பசிதான் இருக்கு தாத்தா. வேணும்னா எடுத்துக்கோங்க."

"போடா, போ!" சில்வெஸ்டர் சிரித்துக்கொண்டே முதுகில் ஒரு தட்டுத் தட்டி அனுப்பிவிட்டான்.

யூஜின் பாலத்தைத் தாண்டினான்.

பார்ட்லிக்கு முதலில் வந்தது பயமில்லை, பொறாமைதான். என்னை ஒரு நாளாவது இப்படி விட்டானா என்று தோன்றியது. அதற்குப் பிறகுதான் அடைப்பு வீடு கண்முன் வந்தது. யூஜின் குனிந்து வளையத்தைத் தட்டுவான், மேலங்கிக் கழுத்து விலகும், ஊசி விழும், தரையில் தூள் இருக்கும், அதன் மேல் செருப்பு தேயும். கையிலிருந்த மரக் கொட்டாப்புளியைப் போட்டுவிட்டு ஓடினான்.

அந்த ஆலையில் பாலத்துக்கு அப்பால் யாரும் ஓடக்கூடாது. ஒருவன் ஓடினால் மற்றவர்கள் ஏன் என்று கேட்காமல் ஓடுவார்கள், அப்படித்தான் பழக்கியிருந்தது. சில்வெஸ்டரை இடித்துத் தள்ளிக்கொண்டு பார்ட்லி போனான். கால்வாயில் மருந்துப் படகை இழுத்துவந்த குதிரைக்காரன் கயிற்றை விட்டுவிட்டுப் புல்லில் குப்புறப் படுத்தான். அரைக்கும் கட்டடத்திலிருந்து இரண்டு பேர் ஆற்றுப் பக்கம் பாய்ந்தார்கள். அடைப்பு வீட்டுச் சுவருக்குக் கொஞ்சம் முன்னால் பார்ட்லி தன் பூட்ஸைப் பார்த்தான், அடியெல்லாம் இரும்பு ஆணி. அங்கேயே நின்றான்.

"யூஜின்!" குரலை முடிந்தவரை தாழ்த்தினான். "கையில இருக்கறத அப்படியே கீழ வை. குனியாத. நிமிந்து வெளிய வா."

யூஜின் வந்தான். பார்ட்லி அவன் மேலங்கிக்குள் கைவிட்டு ஊசியைப் பிடுங்கி உள்ளங்கையில் மூடிக்கொண்டான். யூஜின் அதைப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பில்லாததைப் பார்ட்லி அன்றுதான் முதலில் கண்டான்.

மேற்பார்வையாளர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "எதுக்கு ஓடினே? எதுக்கு அவனை வெளிய கூப்பிட்டே?"

ஒரு வார்த்தை போதும். அடைப்பு வீட்டுக்குள் எஃகு கொண்டுபோனவனுக்கு மறுநாள் அந்த ஆலையில் இடமில்லை. சுத்தியல், மேல்மாடம், மடியில் நோனி, கரண்டியில் வரும் முதல் கறி, எல்லாம் ஒரே மூச்சில் திரும்பி வந்துவிடும். பார்ட்லி மூடிய கையை இன்னும் இறுக்கினான். ஊசி உள்ளங்கையில் ஏறியது.

"இவன் அக்கா மயக்கம் போட்டு விழுந்துட்டா. ஆள் வந்து சொன்னான்," என்றான்.

யூஜினை உடனே வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். பாலத்தைத் தாண்டியதும் பார்ட்லி கையை விரித்துக் கால்வாயில் உதறினான். பொய் மத்தியானம்வரைகூட நிற்கவில்லை. எதிரே அபைனா சாப்பாட்டுத் தூக்கோடு, குளிரில் சிவந்த கன்னத்தோடு, யாரோடோ சத்தமாகப் பேசிக்கொண்டே வந்தாள்.

"மயக்கம் தெளிஞ்சுதாம்மா?" என்று கேட்டான் சில்வெஸ்டர்.

"யாருக்கு மயக்கம்? உனக்கா?" என்றாள் அவள்.

ஊருக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை. மச்சினன் கையில் சுத்தியல் இருப்பதைப் பொறுக்காமல் பார்ட்லி அவனைப் பொய் சொல்லி வெளியே இழுத்தான் என்று பேசினார்கள். பொறாமையைப் பற்றி அவர்கள் சொன்னது சரி, மற்றது தப்பு. பார்ட்லியால் ஒன்றை மறுத்துவிட்டு இன்னொன்றை ஒத்துக்கொள்ள முடியவில்லை. அந்தக் குளிர்காலம் முழுக்க அவனைப் பட்டறையிலிருந்து தூக்கி, வளையத்துக்கு மரக்கொம்பு சீவுகிற வேலையில் போட்டார்கள். அது கற்றுக்குட்டிகள் செய்கிற வேலை.

"நான் போய் உண்மையச் சொல்லிடறேன் அத்தான்," என்றான் யூஜின்.

"சொல்லு. நீ வெளிய போவே, தைச்சது யாருன்னு கேப்பாங்க, உங்க அக்கா பேரும் நாறும். மூடிட்டு வேலையப் பாரு."

"உங்களுக்கு நான் என்ன..."

"ஒண்ணும் வேணாம். நன்றி கின்றின்னு ஆரம்பிச்சே, நானே போய்ச் சொல்லிடுவேன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும் வழியில், யூஜினும் நோனியும் முன்னால் போய்விட்ட பிறகு, அபைனா நின்றாள்.

"நீங்க அதைக் காலையிலயே பாத்தீங்க," என்றாள். "கஞ்சி குடிக்கறப்போ. நீங்க பாக்கறதை நான் பாத்தேன். என்னத்தப் பாக்கறீங்கன்னுதான் அப்போ புரியல."

பார்ட்லி ஆற்றைப் பார்த்தான். "பாலத்துல பிடிப்பான்னு நினைச்சேன்."

"பிடிக்கலன்னா?"

"அதான் ஓடினேனே!"

"ஓடினீங்க. ஏன் சொல்லல?"

"என் கோட்டு ரெண்டு வாரமா தொங்குது, அபைனா."

அடித்துவிடுவாள் என்று அவன் நினைத்தான். அவள் நடக்கத் தொடங்கினாள். அன்று மாலையே அவன் கோட்டைத் தைத்தாள், சாக்குத் தைப்பதுபோல் பெரிய பெரிய தையலாக, தப்பான நிறத்து நூலில். பார்ட்லி அதைப் போட்டுக்கொண்டு திரிந்தான். தவக்காலம் முடிகிறவரை அவள் அவனிடம் தேவைக்கு மேல் பேசவில்லை. தம்பியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அது தனக்காகவா தம்பிக்காகவா என்று பார்ட்லிக்குத் தெரியாது. கேட்கவும் துணிவில்லை.

வசந்தத்தில் ஹோர்கன் அவனைப் பட்டறைக்குத் திரும்ப அழைத்தார். யூஜின் கல்யாணம் செய்துகொண்டு நாலு வீடு தள்ளிக் குடிபோனான். பார்ட்லி தினமும் பாலத்தருகே நின்று மச்சினனைக் கழுத்திலிருந்து கால்வரை பார்த்த பிறகுதான் உள்ளே விட்டான். "துணிமணியப் பாத்துக்கூட வயிறு எரியுது பாரு இவனுக்கு," என்றார்கள் கொட்டகையில். யூஜின் மட்டும் கையை விரித்துக்கொண்டு பொறுமையாக நிற்பான்.

ஹோர்கன் ஓய்வு பெற்றபோது தலைவர் வேலை யாருக்கு என்று ஒரு மாதம் பேச்சு நடந்தது. யூஜினுக்குத்தான் கிடைத்தது. பார்ட்லி அன்று ராத்திரிச் சாப்பாட்டைத் தொடவில்லை. புதுத் தலைவர் மறுநாள் செய்த முதல் வேலை, செம்புச் சுத்தியலை எடுத்துவந்து பார்ட்லியின் பட்டறையில் வைத்ததுதான்.

"பிச்சையா போடறே?"

"இல்ல அத்தான். என் கை கனத்துப்போச்சு. உள்ள போனா இப்போ எனக்குத்தான் நடுங்குது. அந்த நாளுக்கப்புறம் ஒவ்வொரு தடவையும்." யூஜின் சத்தமில்லாமல் சொன்னான், வேறு யாருக்கும் கேட்கவில்லை.

பார்ட்லி அதை நம்பினான். அவன் சொன்னதில் அவனுக்கு ஆறுதலும் இருந்தது என்பதை மறைப்பானேன். சுத்தியலை எடுத்துக்கொண்டான். அடைப்பு வீட்டுப் பெண்டுகள், ஆண்கள் எல்லோரும் அவன் மூஞ்சிக்குப் பழகிக்கொண்டார்கள், அல்லது மூஞ்சி கொஞ்சம் இளகியிருக்கலாம். கண் மங்குகிறவரை அந்த வேலை அவனிடமே இருந்தது.

அவனுடைய கடைசி வருஷத்தில் டப்ளினிலிருந்து ஆலையைப் பார்க்கச் சில துரைமார் வந்தார்கள். யூஜின் அவர்களைக் கொட்டகைக்குள் அழைத்துவந்து, பார்ட்லி செய்த ஒரு பீப்பாயை எடுத்து, பலகை சேருமிடத்தில் நகத்தை ஓட்டிக் காட்டி, இந்தக் கை எப்படி வேலை செய்யும் என்று விளக்கினான். துரைமார் வாய்பிளந்து கேட்டார்கள். ஒருவர் பார்ட்லியின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவர்கள் போன பிறகு பார்ட்லி வாச்சியைக் கீழே வைத்தான். "பாத்தியா," என்றான் பக்கத்துப் பட்டறைக்காரனிடம், "செஞ்சது நான். அதைச் சொல்றதுலயும் அவனே பேரு வாங்கிட்டுப் போயிட்டான்."