சித்தப்பா வராத வளைவு

எங்கள் சித்தப்பாவுக்கு நேர்வழி என்றாலே ஆகாது. பள்ளிக்கூடம் போன காலத்திலேயே ரோட்டை விட்டுவிட்டுத் தேயிலை மலைக்குள் இறங்கி ஓடி, எல்லோருக்கும் முன்னால் போய் நின்று பல்லைக் காட்டுவாராம். அப்படிப்பட்டவரைப் பிடித்துக் கடைசி வண்டியாகப் போட்டதுதான் அன்றைக்கு வந்த வினை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருந்தோம். அப்பாவும் சித்தப்பாவும் பண்டாரவளையில் ஒரு மோட்டார் சைக்கிள் கிளப்பில் சேர்ந்திருந்தார்கள். கிளப் என்று பெயர்தான் பெரிது. பதினொரு பழைய பைக்குகள், அவற்றைவிடப் பழைய ஜாக்கெட்டுகள், அவ்வளவுதான். டவுனில் ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணன்தான் தலைவர்; எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். வெலிமடைக்கு அந்தப்புறம் ஒரு பங்களாவில் அந்தக் காலத்து மோட்டார் சைக்கிள்களைச் சேர்த்து மியூசியமாக வைத்திருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிய வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வரிசையாகப் போய்ப் பார்ப்பதாக ஏற்பாடு. அதைக் கேட்ட நாளிலிருந்து அப்பாவுக்கு வேறு பேச்சே இல்லை. மழைக்காலம், பிள்ளையைக் கொண்டுபோகாதே என்று அம்மா சொன்னதையும் அவர் காதில் வாங்கவில்லை.

புறப்படும் முன் நானா ஒவ்வொருவராகப் பெயர் கூப்பிட்டார். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு மாதிரி இருந்ததால் எங்கள் ஆட்கள் அதையும் பெரட்டு என்றே சொன்னார்கள். சட்டம் ஒன்றே ஒன்று. ரோடு பிரிகிற இடத்தில் ஒருவர் நின்று வழிகாட்ட வேண்டும். கடைசி வண்டி வரும்வரை அவர் அந்த இடத்தை விட்டு அசையக் கூடாது.

பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. பனியும் இறங்கிவிட்டது. ஒரு வளைவைத் தாண்டியதும் ரோடு இரண்டாகப் பிரிந்தது. நானா அப்பாவுக்குக் கையைக் காட்டிவிட்டுப் போனார். நாங்கள் மலையோரமாக ஒதுங்கி நின்றோம். அவருக்குப் பின்னால் எட்டு வண்டிகள் போயின. சித்தப்பா மட்டும் வரவில்லை.

கொஞ்ச நேரத்தில், நாங்கள் கடந்து வந்த வளைவில் தொம்மென்று ஒரு சத்தம். தேயிலைச் செடியும் வேருமாக மண் சரிந்து ரோட்டில் பாதியை அடைத்துக்கொண்டது. மீதிப் பாதிக்குப் பக்கத்தில் பள்ளம்.

"போயிருவோம்ப்பா," என்றேன்.

"சித்தப்பா வரணும்ல. அவன் வர்ற வேகத்துக்கு இந்த வளைவுல திரும்புனா நேரா பள்ளத்துலதான்."

போனை எடுத்துப் பார்த்தார். சிக்னல் இல்லை. மண்ணுக்கு அந்தப் பக்கம் போய் நின்று சித்தப்பாவைத் தடுக்கப்போவதாகச் சொன்னார். நான் பைக்கிலேயே இருக்கிறேன் என்றேன். அப்பா மலையைப் பார்த்தார். மேலேயிருந்து வடிந்துகொண்டிருந்த தண்ணீர் செம்மண் நிறமாக மாறியிருந்தது. மீரியபெத்தவில் மலை இறங்கி லயத்து வீடுகளையே மூடிய பிறகு, ஊற்றுத் தண்ணீர் கலங்கினாலே எங்கள் தோட்டத்தில் லயத்தை விட்டு எல்லோரும் இறங்கிவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். ஆனால் அங்கே அந்த நினைப்பு வரவில்லை. அப்பா என் கையைப் பிடித்து இறக்கினார்.

மண் மேல் ஏறி நடந்தோம். சின்னச் சின்னக் கல் உருண்டு வந்து என் செருப்பில் பட்டது. அந்தப் பக்கம் போனதும் அப்பா தன் சிவப்பு மழைக்கோட்டைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் நின்றதும் அதே மலையின் அடியில்தான்.

கடைசியில் வந்தது பாண் ரொட்டி விற்கிற ஆட்டோ. பாட்டுப் போட்டுக்கொண்டு வந்தது. அப்பா மறித்து, பின்னால் ஒரு பைக் வருகிறதா என்று சிங்களத்தில் கேட்டார். ரோட்டில் ஒரு பைக்கையும் பார்க்கவில்லை என்றார் பாண்காரர். "எங்க விழுந்து கெடக்கானோ," என்று அப்பா பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

"பாப்பா, நீ இவரோட மியூசியத்துக்குப் போ. நானாகிட்ட, பெரட்டுல ஒரு ஆளு குறையுதுன்னு சொல்லு. நீதான் சொல்லணும்."

"நான் மாட்டேன். நீங்களும் வாங்க."

"ஏறு!"

என்னை ஒருநாளும் அதட்டாத மனிதர். செய்யாத தப்புக்குத் திட்டுகிறார் என்று எனக்கு அழுகை வந்தது. அப்பா முன்னால் நடந்து வழிகாட்ட, ஆட்டோ பள்ளத்தோரமாக ஊர்ந்து மண்ணைத் தாண்டியது. பிறகு அவர் திரும்பி, மண்ணுக்கு அந்தப் பக்கமே போய்விட்டார். இரண்டு வளைவு தாண்டியிருப்போம், பின்னால் மலையே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். இடி என்றார் பாண்காரர். ஆனால் பாட்டை நிறுத்திவிட்டு ஆட்டோவை விரட்டினார்.

மியூசியத்து வாசலில் சித்தப்பா பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"எங்க ஒங்கப்பா? தோட்ட ரோட்டுல பூந்து நான் வந்து அரைமணி நேரமாச்சு," என்று சிரித்தார்.

அவர் உயிரோடு இருக்கிறார் என்று எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம். ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்ல வேண்டுமே. நானாவிடம் போய், பெரட்டில் ஒரு ஆள் குறைகிறது என்றேன்.

"மகள், யாரு குறையிற?"

"சித்தப்பா."

யாரோ சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை. "அண்ணன் என்னைய பாத்துக்கிட்டு அங்கயேவா நிக்குது?" என்று கேட்டார். மண் சரிந்ததைச் சொன்னேன். ஹெல்மெட்கூடப் போடாமல் அவர் பைக்கை உதைத்த வேகத்தில் டீக்கோப்பை படியில் விழுந்து உடைந்தது. நானாவும் நாலு பேரும் அவர் பின்னாலேயே பறந்தார்கள்.

என்னைப் பழைய பைக்குகளுக்கு நடுவில் உட்காரவைத்து யாரோ பிஸ்கட் கொடுத்தார்கள். எனக்கு இறங்கவில்லை. கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு வண்டிச் சத்தத்துக்கும் எழுந்து ஓடி, வேறு யாரோ என்று திரும்பி வந்தேன். அப்பாவை இனிமேல் பார்க்கவே முடியாதோ என்று அப்போதுதான் முதல்முதலாகத் தோன்றியது.

வெகுநேரம் கழித்து சித்தப்பாவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து அப்பா வந்தார். இடுப்புவரை சேறு. சித்தப்பாவின் கண்கள் சிவந்திருந்தன.

"வண்டிய நிப்பாட்டின எடத்துல இப்ப மண்ணுதான் மலையா கெடக்கு," என்று நானா மற்றவர்களிடம் மெல்லச் சொன்னார்.

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். ஒரு மாதமாக ஆசைப்பட்ட மனிதராயிற்றே என்று ஒவ்வொரு பைக்காகக் காட்டினேன். தோல் சீட்டு வைத்தது, பக்கத்தில் ஆள் உட்காரத் தொட்டில் மாதிரி வைத்தது, மிதித்து ஓட்டுவது. அவர் ஒன்றைக்கூடப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு வந்தார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. எனக்குப் பாவமாகிவிட்டது.

"அழாதீங்கப்பா, வேற பைக் வாங்கிக்கலாம்," என்றேன்.