தலையணையின் வீட்டுக்காரி

வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். என் அத்தான் அப்படித்தான் பிழைத்தார். பேருந்து நிலையத்தின் ஒலிபெருக்கி அறையில் உட்கார்ந்துகொண்டு, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது, எது தாமதம், யாருடைய பெட்டி கேட்பாரற்றுக் கிடக்கிறது என்று சொல்வதுதான் அவருக்கு வேலை. எல்லோருக்கும் அவர் 'மைக்'. அவர் சொல்லும் 'வழித்தடம்', 'கிழக்கு வாயில்', 'மழை காரணமாக' ஆகியவற்றைக் கேட்ட பிறகு மற்றவர்கள் பேசும் தமிழ் பல் விழுந்த தமிழாகத் தோன்றும். நானெல்லாம் மழையை 'மளை' என்கிற கூட்டம். "மாப்ள, கிழவி வாழைப்பழத்தில் வழுக்கி விழுந்தாள், எங்க சொல்லு பாப்போம்" என்று விருந்தாளிகளுக்கு நடுவில் என்னை மாட்டிவிடுவதில் அவருக்குத் தனி சந்தோஷம்.

அப்படிப்பட்டவர் ஒரு நாள் காலையில், "நடைமேடை இரண்டில் நிற்கும் கத்தரிக்கோல் இன்னும் சிறிது நேரத்தில் புறப்படும்" என்று அறிவித்தார். பயணிகள் சிரித்தார்கள். பக்கத்தில் இருந்த டைம் கீப்பர் மட்டும் சிரிக்கவில்லை. அத்தானின் வாய் ஒரு பக்கமாகக் கோணியிருப்பதை அவர் பார்த்துவிட்டார். உடனே தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதால் உயிர் தப்பியது. கையும் காலும் மெல்ல மெல்லத் திரும்பி வந்தன. சொற்கள் மட்டும் இடம் மாறி உட்கார்ந்துவிட்டன. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். வாயைத் திறந்தால் வேறு ஏதோ வரும். எழுதினாலும் அதே கதிதான்.

என் அக்கா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் செக்கர். தைத்து வரும் சட்டையில் நூல் பிசகியிருந்தால் அந்த இடத்தில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். வீட்டுக்கு வரும்போது அந்தக் கண்ணைக் கழற்றி வைத்துவிட்டு வர முடியுமா என்ன?

"செருப்பு குடு" என்பார் அத்தான். தாகம்.

"செருப்பு இல்லைங்க, தண்ணி. சொல்லுங்க, தண்ணி."

"தண்... தபால்."

"தபால் இல்ல. தண்ணி."

டம்ளர் அவள் கையிலேயே இருக்கும். சரியான சொல் வந்த பிறகுதான் அவர் கைக்குப் போகும். அவள் கொடுமைக்காரி இல்லை, பயந்துபோனவள். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், "அவரைப் பேசாம மட்டும் இருக்க விட்டுடாதீங்க" என்று சொல்லியிருந்தாள். அக்கா அதை இப்படி எடுத்துக்கொண்டாள். ஒவ்வொரு சொல்லுக்கும் ஸ்டிக்கர் ஒட்டினால் எவன் சட்டை தைப்பான்? அத்தான் வாயை மூடிக்கொண்டார். பசித்தால் வயிற்றைத் தொட்டுக் காட்டுவார், உப்பு வேண்டுமென்றால் விரலை நீட்டுவார். மழைக்காலம் போய் வெயில் வந்தது. வீட்டில் ஒரு சொல் இல்லை. "இப்படியே போனா இருக்கற பேச்சும் போயிடும், அப்புறம் திரும்ப வராது" என்று பயிற்சிப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்.

நான் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். சாயங்காலம் ஆனால் அத்தான் வந்து, திருகாணி டப்பாக்களுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். நானும் எதுவும் கேட்க மாட்டேன். ஒரு நாள் அவருக்குப் பழைய சிநேகிதர்களின் ஞாபகம் வந்து, போக்குவரத்துக்காரர்களின் 'உழைப்பாளர் சங்கம்' இணையத்தில் வைத்திருக்கும் குழுவைத் தேடியிருக்கிறார். யானைக்கும் அடி சறுக்கும். ழகரச் சக்கரவர்த்தி 'உள' என்று தட்டிவிட்டார். மீதியைப் போனே நிரப்பிவிட்டது. போய் விழுந்த இடம் 'உளறல் சங்கம்'.

முகம் தெரியாத ஆட்கள் சேர்ந்து உளறும் இடம் அது. விதிகள் மூன்று. முந்தைய ஆள் எந்தச் சொல்லில் முடித்தாரோ அதில்தான் தொடங்க வேண்டும், அந்தாதி மாதிரி. யாரையும் நீ யார் என்று கேட்கக்கூடாது. எழுதியதில் அர்த்தம் வந்துவிட்டால் அந்த ஆள் அன்று முழுக்க ஆட்டத்துக்கு வெளியே. அத்தான் போன நேரத்தில் ஈரத் தீப்பெட்டி என்பவர், "எங்கள் கதவுக்குக் காய்ச்சல், யாரும் தட்ட வேண்டாம் என்கிறது குடை" என்று எழுதியிருந்தார். அதற்கு மாடிப்படி என்பவர், "குடையை நம்பாதீர்கள், அது மழையிடம் லஞ்சம் வாங்கிய கடிகாரம்" என்று பதில் போட்டிருந்தார்.

இது சங்கத்துக்காரர்களின் குழுதான் என்று நினைத்துக்கொண்டு அத்தான் நலம் விசாரித்திருக்கிறார். அவர் எழுத நினைத்தது, 'நான் பழைய அறிவிப்பாளர், எல்லோரும் சௌக்கியமா?' வந்து விழுந்தது, "நான் பழைய தலையணை, எல்லா பஸ்ஸும் தூங்கியாச்சா?"

"தூங்கியாச்சா என்று கேட்டதும் ஒரு பஸ் மட்டும் போர்வையை விலக்கிக் கொட்டாவி விட்டது" என்று உடனே ஒருவர் தொடர்ந்தார். கூடவே, "வாங்க தலையணை, புது ஆளா? முதல் வரி என்பதால் விதி மீறல் மன்னிக்கப்பட்டது."

அன்றிலிருந்து அத்தான் தலையணை ஆனார். மற்றவர்கள் மூளையைக் கசக்கி உளறினார்கள், இவருக்கு அது தானாக வந்தது. முதுகு வலிக்கிறது என்று எழுதப் போய், 'கூரைக்குப் பல்வலி' என்று வந்தால் அங்கே கைதட்டல். கண்ணில் நீர் வரச் சிரிக்கும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்து விழும். அத்தான் அவற்றை எனக்குக் காட்டி, சட்டைக் காலரைச் சரிசெய்துகொள்வார்.

"அக்காகிட்ட காட்டலாமா அத்தான்?"

வேகமாகத் தலையை ஆட்டினார். போனை வாங்கி ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டினார். 'அங்கே ரப்பர். இங்கே ரப்பர் இல்ல.' அழிக்கிற ரப்பரைச் சொல்கிறார், அங்கே தப்பெல்லாம் அழிந்துவிடும் என்கிறாரோ என்னவோ. அது தப்பான சொல்லா சரியான சொல்லா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அங்கே அவர் நோயாளி இல்லை, அவ்வளவுதான். நானும் அக்காவிடம் காட்டாமல் விட்டேன்.

அக்கா தானே கண்டுபிடித்துவிட்டாள். ஒரு விடுமுறை நாள், அத்தான் குளித்துக்கொண்டிருந்தார். சோபாவில் கிடந்த போன் விடாமல் அதிர, எடுத்துப் பார்த்திருக்கிறாள். புருஷன் எழுதிய தப்புத் தப்பான வரிகள், அதற்குக் கீழே ஊர் பேர் தெரியாதவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கிற முகங்கள். எந்தப் பெண்டாட்டி பொறுப்பாள்? அடுத்த நிமிடம் எனக்குப் போன்.

"யாரோ கூட்டமா சேர்ந்து இவரைக் கேலி பண்றாங்கடா. விடுவேனா? எல்லாத்தையும் எழுதி, நறுக்குனு நாலு கேள்வி கேட்டுட்டேன்."

"எதுலக்கா எழுதின?"

"அவர் போன்லயே. அதுலதான் கேலி பண்றாங்க, வேற எதுல எழுதுவாங்க?"

கடையை அரைக்கதவில் விட்டுவிட்டு ஓடினேன். அத்தான் துண்டோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். போன் மேஜையின் கடைசியில் கவிழ்ந்து கிடந்தது. அவரே தள்ளி வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரியில்கூட அவர் முகம் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை.

"அக்கா, அது உளறல் சங்கம். அங்க எல்லாருமே உளறுவாங்க. அதுக்குத்தான் சேர்றதே."

"எல்லாருமா? அப்போ இவருக்கு உடம்பு சரியில்லனு அவங்களுக்குத் தெரியாதா?"

"இன்னைக்குக் காலைல வரைக்கும் தெரியாது."

இனி அங்கே என்ன நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாதா? 'சீக்கிரம் குணமாகுங்கள்', 'தைரியமாக இருங்கள்', கும்பிடு போடும் கைகள், பூங்கொத்துகள். அவர் உளறினால் இனி யாரும் சிரிக்க மாட்டார்கள். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கமே போக மாட்டார், வாயையும் திறக்க மாட்டார். போனைத் திருப்பவே என் கை வரவில்லை. திருப்பினேன். யாராவது ஒருவர் படித்துத்தானே ஆக வேண்டும்.

கடைசியாக மாடிப்படி எழுதியிருந்த வரி, "கொசுவலைக்குள் ஒளிந்துகொண்டு நாட்டை ஆளும் மந்திரி இவர்." அதற்குக் கீழே, தலையணை என்ற பெயரில், அக்கா.

"இவர் என் வீட்டுக்காரர். மூளையில் ரத்தம் கட்டி வார்த்தை மாறி மாறி வருகிறது. நோயாளியைப் பார்த்துச் சிரிக்க உங்களுக்கு வெட்கமாக இல்லையா? நாளைக்கே கொடுக்கிறேன் புகார்."

'இவர்' என்று முடிந்ததற்கு 'இவர்' என்றே தொடங்கியிருக்கிறாள். தெரியாமல் விதியைக்கூடக் காப்பாற்றிவிட்டாள். நான் மேலே படித்தேன்.

ஈரத் தீப்பெட்டி: "புகாரை வாங்கிய காவலர், பஞ்சுக்குள் மூளை எப்படி வந்தது என்று உறையைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இன்னொரு தலையணை."

மாடிப்படி: "தலையணைக்குக் கல்யாணம் ஆனதையே எங்களிடம் சொல்லவில்லை, பெண் என்ன மெத்தை வீட்டாரா, போர்வை வீட்டாரா?"

அதற்குக் கீழே ஒருவர் பாராட்டாக, "தலையணை அண்ணே, ரத்தம் கட்டிய தலையணை, அதற்குக் கோபக்கார வீட்டுக்காரி. இதுவரை இங்கே வந்ததிலேயே இதுதான் உச்சம்." மஞ்சள் முகங்கள் திரையை நிறைத்திருந்தன. ஒரு பூங்கொத்துகூட இல்லை.

அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. "நான் எழுதினது உளறலா? ஒரு எழுத்துப் பிழைகூட இல்லாம எழுதியிருக்கேன்டா."

முதலில் ஏதோ இருமல் என்று நினைத்தேன். அத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். தோளில் கிடந்த துண்டு நழுவி விழ, மேஜையைப் பிடித்துக்கொண்டு, சத்தமாக. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாகிவிட்டது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கா அவரை முறைத்தாள், பிறகு அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. சிரித்தபடியே அழுதாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பிறகு சாப்பிட உட்கார்ந்தோம். அத்தான் உப்பு டப்பாவைப் பார்த்து வழக்கம்போல விரலை நீட்டினார். நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

"ஜன்னல் குடு" என்றார்.

நான் அக்காவின் வாயைத்தான் பார்த்தேன். 'ஜன்னல் இல்லைங்க' உதடுவரை வந்து நிற்பது நன்றாகத் தெரிந்தது. அவள் அதை அப்படியே விழுங்கினாள். உப்பு டப்பாவை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"குடுக்கறதுக்கு முன்னால ஜன்னலுக்குத் தலை சீவணும், கொஞ்சம் இருங்க."

என் அக்கா வாழ்க்கையில் பேசிய முதல் உளறல் அதுதான். அத்தான் அவளை நிமிர்ந்து பார்த்தார். உப்பைப் போட்டுக் கலந்தார். யோசித்தார்.

"இருங்கன்னா... மழை எழுந்து... கிழக்க போயிடும்."

முழு வாக்கியம். மூன்று ழகரமும் துளி பிசகாமல், பழைய ஒலிபெருக்கியில் வந்த மாதிரியே வந்தன. அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"போயிடும்னா போகட்டும், நீங்க பேசிக்கிட்டே இருங்க" என்றாள்.

அதில் அர்த்தம் வந்துவிட்டது. சங்க விதிப்படி அக்கா அன்று முழுக்க ஆட்டத்துக்கு வெளியே. நான் சொல்லவில்லை.